கையில் இருக்கும் காசுக்குள் வாங்குவது: தொடக்க வகுப்புக் கடைக் கணக்குகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக் கணக்கு என்று எதைச் சொல்கிறோம்? எந்த வகுப்புப் பிள்ளைக்கு இது?

கையில் இவ்வளவு பணம், பொருள்களின் விலை இவ்வளவு, இத்தனை வேண்டும் என்று சொல்லிவிட்டு செலவு, மீதி, போதுமா போதாதா, எத்தனை வாங்கலாம் என்பதில் ஒன்றைக் கேட்கும் வாழ்க்கைக் கணக்குகள். ஒரு பொருள், ஒரு கழித்தல் என்றால் இரண்டாம் வகுப்பிலேயே போடலாம். எண்ணிக்கையை விலையால் பெருக்க வேண்டியவை மூன்றாம் வகுப்புக்கு. இரண்டு மூன்று படிகள், பைசா, கிலோ கிராம் எல்லாம் கலந்து வருபவை நான்கு, ஐந்துக்கு.

பத்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்திருக்க வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கவும் மீதியோடு வகுக்கவும் வர வேண்டும். இவற்றில் ஒன்று ஆட்டம் கண்டால் கடைக் கணக்கை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்வதுதான் குறுக்கு வழி.

கணக்கைப் படித்ததும் பிள்ளை முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடைசி வரியைத் திரும்பப் படிக்க வேண்டும். கேள்வி அங்கேதான் இருக்கும். விடை ரூபாயில் வருமா, எண்ணிக்கையில் வருமா, ‘ஆம், இல்லை’ என்று வருமா என்பதைக் கணக்குப் போடும் முன்பே சொல்லச் சொல்லுங்கள். பாதித் தவறுகள் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடும்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். மலரிடம் 200 ரூபாய் இருக்கிறது. ஒரு நோட்டு 38 ரூபாய் வீதம் 3 நோட்டுகளும், ஒரு பேனா 12 ரூபாய் வீதம் 4 பேனாக்களும் வாங்கினாள். மீதி எவ்வளவு? அந்த மீதியில் இன்னொரு நோட்டு வாங்க முடியுமா?

எழுத வேண்டிய முறை:

கையில் உள்ளது = 200 ரூ.
நோட்டு: 3 × 38 = 114 ரூ.
பேனா: 4 × 12 = 48 ரூ.
மொத்தச் செலவு: 114 + 48 = 162 ரூ.
மீதி: 200 − 162 = 38 ரூ.

இன்னொரு நோட்டின் விலையும் 38 ரூபாய்தான். அதனால் வாங்க முடியும். கையில் எதுவும் மிஞ்சாது. பல பிள்ளைகள் இங்கே ‘முடியாது’ என்று எழுதுவார்கள். பணம் விலையை விட அதிகமாக இருந்தால்தான் போதும் என்று நினைத்துக்கொள்வதால் வரும் தவறு இது. விலையும் பணமும் சமமாக இருந்தாலும் போதும்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ‘நோட்டு’, ‘பேனா’, ‘மீதி’ என்று பெயர் எழுதுவது அலங்காரத்துக்கு அல்ல. 114 என்பது எதன் விலை என்று தெரியாமல் போகும்போதுதான் அடுத்த படியில் அதை எதனோடாவது கூட்டத் தோன்றுகிறது. படிகளுக்கு மதிப்பெண் தரும் ஆசிரியரிடம் இந்தப் பெயர்களால் மதிப்பெண்ணும் மிஞ்சும்.

விடை தவறு என்று தெரிகிறது. எங்கே தவறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தவறான விடையே பெரும்பாலும் சொல்லிவிடும். மலரின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

150 ரூபாய் என்று வந்தால், பிள்ளை 38 + 12 = 50 என்று ஒவ்வொன்றில் ஒன்று மட்டும் வாங்கியிருக்கிறது. எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. 143 என்று வந்தால் 38, 3, 12, 4 நான்கையும் கூட்டி 57 ஆக்கி 200-இல் கழித்திருக்கிறது. இது கணக்கையே படிக்காமல் எண்களை மட்டும் பொறுக்கியதன் அடையாளம். ‘350 ரூபாய் செலவு, பணம் போதாது’ என்று வந்தால், பொருள்கள் 7, விலைகள் 50, இரண்டையும் பெருக்கு என்று போயிருக்கிறது. வெவ்வேறு விலையுள்ள பொருள்களை ஒன்றாக எண்ணக் கூடாது என்பது இன்னும் பிடிபடவில்லை. 162 என்று நிறுத்தியிருந்தால் கணக்கு சரி, கேள்வியைத்தான் மறந்துவிட்டது.

நான்கும் நான்கு விதமான நோய். எல்லாவற்றுக்கும் ‘கவனமாகப் போடு’ என்ற ஒரே மருந்தைக் கொடுத்தால் வேலை செய்யாது.

‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி என்று சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். இரண்டாம் வகுப்பில் இது ஓடும், மூன்றாம் வகுப்பிலேயே காலை வாரும். மூன்று கணக்குகளைப் பாருங்கள்.

குமார் 65 ரூபாய்க்குப் பழம் வாங்கிய பிறகு அவனிடம் மீதி 35 ரூபாய் இருந்தது. முதலில் எவ்வளவு வைத்திருந்தான்? ‘மீதி’ இருக்கிறது, ஆனால் கூட்ட வேண்டும்: 100 ரூபாய்.

காய்க்கும் பழத்துக்கும் மொத்தம் 90 ரூபாய் செலவானது. பழத்துக்கு 54 ரூபாய் என்றால் காய்க்கு எவ்வளவு? ‘மொத்தம்’ இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும்: 36 ரூபாய்.

குடையின் விலை 240 ரூபாய். அது பையின் விலையை விட 80 ரூபாய் குறைவு. பை எவ்வளவு? ‘குறைவு’ என்ற சொல்லைப் பார்த்ததும் 160 என்று எழுதுவார்கள். குறைந்த விலை குடைக்கு. பை 320 ரூபாய்.

சொல்லைப் பிடித்துக்கொள்வதை விட, ‘யாரிடம் என்ன இருந்தது, என்ன நடந்தது, பிறகு என்ன இருக்கிறது’ என்று கணக்கைக் கதையாகத் திரும்பச் சொல்ல வைப்பது பலன் தரும். சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளில் 1980-களிலிருந்து புழங்கும் பட்டை வரைபடமும் இதற்குக் கைகொடுக்கும். குடைக்கு ஒரு பட்டை வரைந்து 240 என்று எழுதுங்கள். அதற்குக் கீழே பைக்கு அதை விட நீளமான பட்டை வரைந்து, நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் 80 என்று எழுதுங்கள். எது நீளம் என்று பார்த்துவிட்ட பிள்ளை 160 என்று எழுதாது. பட்டையின் நீளம் அளவுகோல் பிசகாமல் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

‘தலா’, ‘வீதம்’, ‘டஜன்’, ‘ஜோடி’ போன்ற சொற்களில் பிள்ளை தடுமாறுகிறது. என்ன செய்வது?

இவற்றை விட அதிகம் தடுக்குவது ‘க்கு’தான். இந்த மூன்று வரிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி விலை கேட்டுப் பாருங்கள்:

5 பேனாக்கள் 60 ரூபாய். (ஐந்துக்கும் சேர்த்து 60, ஒன்று 12)
பேனா 60 ரூபாய் வீதம் 5. (ஒன்று 60, மொத்தம் 300)
10 ரூபாய்க்கு 3 எலுமிச்சம்பழம். (3 பழம் சேர்ந்து 10, 10 பழம் 3 ரூபாய் அல்ல)

எலுமிச்சை மாதிரிக் கணக்கில் ஒரு பழத்தின் விலையைத் தேடிப் போகவே கூடாது. 10-ஐ மூன்றால் வகுத்தால் இழுத்துக்கொண்டே போகும். கையில் 50 ரூபாய் என்றால், அதில் எத்தனை பத்து? ஐந்து. அப்படியானால் ஐந்து மூன்று, 15 பழம். இதுவே 20 ரூபாய்க்கு 3 பழம், கையில் 70 ரூபாய் என்றால் மூன்று கூறுகள் வாங்கலாம்: 9 பழம், மீதி 10 ரூபாய். அந்த 10 ரூபாய்க்கு ஒன்றரைப் பழமா என்று பிள்ளை கேட்டால் நல்ல கேள்விதான். உதிரியாகக் கிடைக்கும் என்று கணக்கில் சொல்லாதவரை கூறாகத்தான் வாங்க முடியும்.

‘தலா’, ‘வீதம்’, ‘ஒவ்வொன்றும்’ மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன: சொல்லப்பட்ட விலை ஒன்றுக்கு உரியது. டஜன் 12, ஜோடி 2. அவ்வளவுதான்.

பணம் போதுமா என்று மட்டும் கேட்டால் உத்தேசமாகப் பார்த்தால் போதாதா?

போதும், ஆனால் அருகிலுள்ள பத்துக்கு முழுமைப்படுத்துவது கடைக் கணக்கில் ஆபத்து. விலைகள் 44, 63, 32, 64. கையில் 200 என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள பத்துக்கு மாற்றினால் 40 + 60 + 30 + 60 = 190. போதும் என்று தோன்றும். உண்மையில் 203 ரூபாய்; கல்லாவில் 3 ரூபாய்க்கு மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லா விலையையும் மேலே ஏற்றிப் பாருங்கள். 37, 52, 28, 45 என்றால் 40 + 60 + 30 + 50 = 180. ஏற்றிப் பார்த்தே 200-க்குள் அடங்கிவிட்டது என்றால் நிச்சயம் போதும். மறுபக்கம், 73, 58, 94 மூன்றையும் கீழே இறக்கினால் 70 + 50 + 90 = 210. இறக்கிப் பார்த்தே 200-ஐத் தாண்டிவிட்டது என்றால் நிச்சயம் போதாது. ஏற்றினால் தாண்டுகிறது, இறக்கினால் அடங்குகிறது என்றால் உத்தேசம் உதவாது, சரியாகக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 44, 63, 32, 64 அப்படிப்பட்டதுதான்.

போதவில்லை என்றால் ‘இன்னும் எவ்வளவு வேண்டும்’ என்ற கேள்வியில் ஏன் இவ்வளவு தப்பு?

கையில் 160, விலை 235. கணக்கில் முதலில் வந்த எண்ணைத்தான் மேலே எழுத வேண்டும் என்ற பழக்கத்தில் 160-ஐ மேலேயும் 235-ஐக் கீழேயும் எழுதுவார்கள். பிறகு ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்து 135 என்று கொண்டுவருவார்கள். சரியான விடை 235 − 160 = 75. விலையை மேலே எழுது, இருப்பதைக் கீழே எழுது என்று ஒருமுறை சொன்னால் போதும். 160-லிருந்து 235 வரை ஏறிப் போகச் சொல்வது இன்னும் எளிது: 200-க்கு 40, அங்கிருந்து 35, ஆக 75.

‘எத்தனை வாங்கலாம்’ என்ற கணக்கில் 8.33 என்று எழுதுகிறது. ஏன் தவறு?

100 ரூபாயில் 12 ரூபாய் பேனா எத்தனை வாங்கலாம் என்றால் வகுத்தல்: 100 ÷ 12 = 8, மீதி 4. விடை: 8 பேனாக்கள் வாங்கலாம், 4 ரூபாய் மிஞ்சும். 0.33 பேனாவை எந்தக் கடையிலும் கொடுக்க மாட்டார்கள். ‘8 மீதி 4’ என்று மொட்டையாக எழுதுவதும் முழு விடை ஆகாது. 4 என்பது பேனாவா ரூபாயா?

வகுத்தல் இன்னும் பழகாத பிள்ளைக்குத் துண்டு துண்டாகச் செய்யச் சொல்லுங்கள். 5 பேனா 60 ரூபாய். மிச்சம் 40. அதில் 3 பேனா 36 ரூபாய். மிச்சம் 4. ஆக 8 பேனா.

சரிபார்க்க இரண்டு பெருக்கல்கள்: 8 × 12 = 96, நூறுக்குள் இருக்கிறது; 9 × 12 = 108, தாண்டுகிறது. இரண்டும் ஒத்துவந்தால் விடை சரி. ஒன்பதாவது பேனாவுக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்ற துணைக்கேள்விக்கு விடையும் இங்கேயே கிடைத்துவிடுகிறது: 8 ரூபாய். 4 என்று எழுதுபவர்கள் மீதியையும் தேவையையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சில கணக்குகளில் மீதி வந்தால் ஒன்று கூட்ட வேண்டும் என்கிறார்களே?

பணம் எத்தனைக்குப் போதும் என்றால் மீதியை விட்டுவிடுவோம். ஆட்களுக்கு எத்தனை தேவை என்றால் மீதி வந்தால் ஒன்று கூட்டுவோம். இரண்டும் ஒரே கணக்கில் வரும்போதுதான் சிக்கல், சுவையும் அங்கேதான்.

வகுப்பில் 34 பேர். ஆளுக்கு ஒரு பென்சில் வேண்டும். 10 பென்சில் உள்ள பாக்கெட் 45 ரூபாய். கையில் 175 ரூபாய். போதுமா?

34 ÷ 10 = 3, மீதி 4. மூன்று பாக்கெட்டில் 30 பேருக்குத்தான் வரும். நான்கு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே 4 பாக்கெட், 4 × 45 = 180 ரூபாய். 175 போதாது, 5 ரூபாய் குறைகிறது.

இப்போது ஒரு வரி சேர்ப்போம்: உதிரிப் பென்சில் ஒன்று 6 ரூபாய். மூன்று பாக்கெட் 135, உதிரி நான்கு 24, மொத்தம் 159 ரூபாய். போதும், 16 ரூபாய் மிஞ்சும். உதிரியில் ஒரு பென்சிலின் விலை அதிகம் (பாக்கெட்டில் நாலரை ரூபாய்தான்); ஆனாலும் தேவைக்கு மேல் ஆறு பென்சில் வாங்காததால் செலவு குறைகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் இதைத் தானே கண்டுபிடிக்க முடியும். விடையைச் சொல்லிவிடாமல், ‘180 ஆகாமல் வேறு வழி உண்டா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கிலோ, கிராம் கலந்து வந்தால்?

தக்காளி கிலோ 36 ரூபாய், 250 கிராம் எவ்வளவு என்றால் 250 × 36 = 9,000 ரூபாய் என்று வந்து நிற்கும். விலை கிலோவுக்கு, எடை கிராமில். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் பெருக்கியதன் பலன்.

தொடக்க வகுப்பில் தசமத்துக்குப் போக வேண்டியதில்லை. பாதி, பாதியில் பாதி என்று போனால் போதும். கிலோ 36, அரைக் கிலோ 18, கால் கிலோ 9. முக்கால் என்றால் அரையும் காலும்: 27. ஒன்றரை என்றால் ஒன்றும் அரையும்: 54. 

திருப்பிக் கேட்டாலும் இதே வழிதான். கேரட் கிலோ 60, கையில் 45 ரூபாய், எவ்வளவு வாங்கலாம்? கால் கிலோ 15 ரூபாய். 45-இல் மூன்று பதினைந்து. ஆகவே 750 கிராம்.

பைசா வந்தால் கூட்டல் எல்லாம் தப்பாகிறது.

ரூ. 7.50-உடன் 12 ரூபாயைக் கூட்டச் சொன்னால் 7.62 என்று எழுதுவது பழக்கமான காட்சி. 12-ஐ 12.00 என்று எழுதிவிட்டு, புள்ளிக்குக் கீழே புள்ளி வைத்துக் கூட்டினால் 19.50. பிடிபடவில்லை என்றால் எல்லாவற்றையும் பைசாவாக மாற்றுங்கள்: 750 + 1200 = 1950 பைசா. இந்தியாவில் 1957-இல் தசம நாணய முறை வந்ததிலிருந்து ரூபாய்க்கு 100 பைசாதான். மாற்றுவதற்கு 100 ஒன்றே போதும்.

12.5 என்பது 12 ரூபாய் 50 பைசா. 12 ரூபாய் 5 பைசா என்றால் 12.05. இன்றைய பிள்ளைகளுக்கு இது குழம்பக் காரணம் உண்டு. 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போய்விட்டன. 50 பைசா செல்லும் என்றாலும் கையில் பார்ப்பது அரிது. பார்த்தே இராத காசைக் கூட்டுகிறார்கள். காகிதத்தில் சின்னச் சின்னக் காசுகளை வெட்டிக் கொடுத்தால் ஒரே நாளில் தெளிந்துவிடும்.

கடைகளில் பில் தொகையை முழு ரூபாய்க்குச் சரிசெய்வது வழக்கம். கணக்கில் அப்படிச் சொல்லாவிட்டால் செய்யக் கூடாது.

மீதிச் சில்லறையைக் கழிக்காமலே சொல்ல முடியுமா?

முடியும், கடைக்காரர்கள் செய்வது அதுதான். பில் 163, கொடுத்தது 200. 163-லிருந்து 165-க்கு 2 ரூபாய், 170-க்கு 5 ரூபாய், 200-க்கு 30 ரூபாய். ஆக 37.

தாளில் கழிக்கும்போது 200-இல் இரண்டு பூச்சியங்களைத் தாண்டிக் கடன் வாங்க வேண்டும், அங்கேதான் வழுக்கும். இலக்கங்களைத் தலைகீழாகக் கழித்து 163 என்றே விடை எழுதிய தாள்களைப் பார்க்கலாம். செலவானதும் மீதியும் ஒரே தொகை என்பது பிள்ளைக்கு உறுத்தவே இல்லை என்றால், சரிபார்க்கும் பழக்கமே இல்லை என்று பொருள். இரண்டிலும் ஒன்றைக் குறைத்து 199 − 162 என்று போட்டால் கடனே வாங்க வேண்டாம். விடை அதே 37.

இதோடு ஒட்டிய இன்னொன்று: 163 ரூபாய் பில்லுக்கு 203 கொடுத்தால் 40 ரூபாய் நோட்டாகவே திரும்பி வரும். ‘சில்லறை மூணு ரூபாய் இருக்கா?’ என்று கடைக்காரர் ஏன் கேட்கிறார் என்பதை ஒரு கணக்காகவே கொடுக்கலாம்.

தள்ளுபடி, இலவசம் உள்ள கணக்குகள்?

சதவீதம் முறையாக வருவது நடுநிலை வகுப்புகளில்தான் என்றாலும் கடைப் பலகையில் தினமும் இருக்கிறது. 250 ரூபாய் பொருளுக்கு 10% தள்ளுபடி என்றால் 100-க்கு 10 வீதம்: முதல் நூறுக்கு 10, அடுத்த நூறுக்கு 10, ஐம்பதுக்கு 5. தள்ளுபடி 25, கொடுக்க வேண்டியது 225. பத்தை அப்படியே கழித்து 240 என்பதுதான் வழக்கமான பிழை. தள்ளுபடித் தொகையையே விடையாக எழுதிவிடுவது அடுத்தது.

‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதில் மூன்றை ஒரு கூறாக வையுங்கள். சோப்பு 30 ரூபாய், கையில் 220. மூன்று சோப்பு உள்ள கூறு 60 ரூபாய். 220-இல் மூன்று கூறுகள்: 9 சோப்பு, 180 ரூபாய். மிச்சம் 40-இல் இன்னொன்று. மொத்தம் 10 சோப்பு, மீதி 10 ரூபாய். வேறு வழியில் பார்த்தால், 220 ரூபாயில் 7 சோப்புக்குக் காசு கொடுக்கலாம். ஏழில் மூன்று இரண்டுகள், ஆகவே 3 இலவசம். அதே பத்து. இரண்டு வழியில் ஒரே விடை வருவதை விடப் பெரிய சரிபார்ப்பு கிடையாது.

எது மலிவு என்று ஒப்பிடும் கணக்கு?

200 கிராம் பிஸ்கட் 30 ரூபாய், 500 கிராம் 70 ரூபாய். நூறு கிராமுக்கு 15, 14. பெரியது மலிவு. ஆனால் கையில் 60 ரூபாய்தான் என்று கணக்கில் இருந்தால் பெரியதை வாங்கவே முடியாது; சின்னதில் இரண்டு, 400 கிராம். மலிவானது எது, வாங்க முடிவது எது என்பவை தனித்தனிக் கேள்விகள்.

ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்க முடியுமா?

இருக்கும். பேனா 10 ரூபாய், பென்சில் 6 ரூபாய், 50 ரூபாயை முழுவதும் செலவழிக்க வேண்டும் என்றால் பேனா எண்ணிக்கையை வரிசையாக ஏற்றிப் பாருங்கள்:

பேனா 0: மிச்சம் 50, பென்சில் 8, மீதி 2
பேனா 1: மிச்சம் 40, பென்சில் 6, மீதி 4
பேனா 2: மிச்சம் 30, பென்சில் 5, மீதி 0
பேனா 3: மிச்சம் 20, பென்சில் 3, மீதி 2
பேனா 4: மிச்சம் 10, பென்சில் 1, மீதி 4
பேனா 5: மிச்சம் 0, பென்சில் 0, மீதி 0

இரண்டு விடைகள். ‘இரண்டு வகையிலும் குறைந்தது ஒன்றாவது வாங்க வேண்டும்’ என்று கணக்கில் இருந்தால் ஒன்றுதான்: 2 பேனா, 5 பென்சில். மனம்போன போக்கில் எண்களைப் போட்டுப் பார்க்கும் பிள்ளை ஒரு விடையோடு நிறுத்திவிடும். வரிசையாகப் போனால் எதுவும் தப்பாது. விலை அதிகமான பொருளிலிருந்து தொடங்கினால் வரிகள் குறையும்.

தேவையில்லாத எண்கள் வந்தால்?

‘காலை 9 மணிக்கு 3 கி.மீ. தூரத்திலுள்ள சந்தைக்குப் போனார்’ என்று வந்தால் அந்த 9-ஐயும் 3-ஐயும் பென்சிலால் அடித்துவிடலாம். விலை சொல்லாமல் விட்டிருந்தால் ‘விவரம் போதாது, பேனாவின் விலை வேண்டும்’ என்று எழுதுவதே சரியான விடை.

வீட்டிலேயே கணக்கு தயாரிப்பது எப்படி?

எண்களைத் தேர்வதில்தான் சூட்சுமம். கால், அரை, முக்கால் கிலோ வரும் கணக்கில் கிலோ விலை 4-ஆல் வகுபட வேண்டும்; 100 கிராம், 300 கிராம் என்று வந்தால் 10-ஆல் வகுபட வேண்டும். 20, 40, 60, 80 என்றால் இரண்டுக்கும் பொருந்தும். கிலோ 50 என்று வைத்துவிட்டுக் கால் கிலோ கேட்டால் பன்னிரண்டரை வந்து நிற்கும். பைசாவுக்குத் தயாராகாத பிள்ளை அங்கேயே சோர்ந்துவிடும்.

உண்மையான விலைகளும் கைவசம் இருக்கின்றன. தமிழக ரேஷன் கடைகளில் சர்க்கரை கிலோ 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. 2 கிலோ சர்க்கரை, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய்: 50 + 30 + 25 = 105 ரூபாய். இருநூறு கொடுத்தால் 95 திரும்ப வர வேண்டும். 205 கொடுத்தால் ஒரே நூறு ரூபாய் நோட்டு. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் அன்றன்றைய விலைப் பலகை இருக்கும். அதைக் குறித்துவந்தால் ஒரு வாரத்துக்குக் கணக்கு கிடைக்கும்.

பாக்கெட்டில் உள்ள எம்.ஆர்.பி. விலையில் வரிகளும் அடக்கம். அதை வைத்துக் கணக்கு தயாரிக்கும்போது மேலே ஜி.எஸ்.டி. சேர்க்காதீர்கள்.

பயிற்சிக்குச் சில கணக்குகள், விடையோடு கிடைக்குமா?

1. கையில் 500 ரூபாய். சட்டை 285, கைக்குட்டை 25 வீதம் 4. மீதி எவ்வளவு? (115 ரூ.)

2. மூன்று முழம் பூ 45 ரூபாய். 150 ரூபாய்க்கு எத்தனை முழம்? (முழம் 15 ரூ.; 10 முழம்)

3. வாழைப்பழம் டஜன் 72 ரூபாய். 7 பழம் வாங்க 50 ரூபாய் போதுமா? (பழம் 6 ரூ.; 42 ரூ. ஆகும், போதும், மீதி 8 ரூ.)

4. உருளைக்கிழங்கு கிலோ 40, வெங்காயம் கிலோ 32. உருளை முக்கால் கிலோ, வெங்காயம் ஒன்றரை கிலோ வாங்க 80 ரூபாய் போதுமா? (30 + 48 = 78; போதும், மீதி 2 ரூ.)

5. இருந்த பணத்தில் பாதிக்குப் புத்தகமும், பிறகு 40 ரூபாய்க்குத் தின்பண்டமும் வாங்கியபின் 60 ரூபாய் மிஞ்சியது. முதலில் எவ்வளவு இருந்தது? (பின்னாலிருந்து வர வேண்டும்: 60 + 40 = 100, அது பாதி; 200 ரூ.)

6. பிறந்தநாளுக்கு 26 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு சாக்லேட். 8 சாக்லேட் உள்ள பெட்டி 55 ரூபாய். 200 ரூபாய் போதுமா? உதிரிச் சாக்லேட் 7 ரூபாய்க்குக் கிடைத்தால்? (4 பெட்டி 220 ரூ., 20 ரூ. குறையும். 3 பெட்டியும் உதிரி இரண்டும் 179 ரூ., மீதி 21 ரூ.)

ஐந்தாவது கணக்கில் 120 என்று வந்தால், 60-ஐ மட்டும் இரண்டு மடங்காக்கிவிட்டு நாற்பதை மறந்திருக்கிறது. 160 என்று வந்தால், 60-ஐ இரட்டித்த பிறகு நாற்பதைக் கூட்டியிருக்கிறது. கடைசியாகச் செலவானதைத்தான் முதலில் திருப்பிப் போட வேண்டும்.